முதல் அமர்வில் எதைக் கேட்பது? மன்னாரில் உளவளத்துணை தொடங்கும் முறை பற்றி

மன்னாரில் மனநோவு பெரும்பாலும் தலையிடியாகத்தான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்கிறது. நெஞ்சடைப்பு, கைகால் விறைப்பு, நித்திரையின்மை என்று வருபவரை மனநலப் பிரிவுக்கு அனுப்பினால், தன்னை விசர் என்று நினைத்துவிட்டார்களோ என்ற பயமே முதலில் எழுகிறது. முதல் அமர்வு அந்தப் பயத்தைத் தீர்ப்பதில் தொடங்க வேண்டும், போரில் நடந்ததைக் கேட்பதில் அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உடல்வழி முறைப்பாட்டை அறியாமை என்று ஒதுக்க முடியாது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி மக்களும் அடங்குவர். இவ்வாறு வெளியேற்றப்பட்டுப் புத்தளம் மாவட்டத்தில் நெடுங்காலம் இடம்பெயர்ந்து வாழ்ந்தோரிடையே செஸ்மால் சிறிவர்தன குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், 18.8 வீதத்தினருக்குப் பொதுவான உளநலக் கோளாறு ஏதேனும் ஒன்று இருந்தது. உடல் முறைப்பாடாக வெளிப்படும் வகை மட்டும் 14 வீதம். பெரும் மனச்சோர்வோ 5.1 வீதம். தலையிடியை விசாரிக்காமல் "மனதில் என்ன?" என்று தாவும் ஆலோசகரிடம் இரண்டாம் முறை யார் வருவார்?

அடுத்தது இரகசியம். பேசாலையிலிருந்து கிளினிக் கொப்பியோடு வரும் பெண், காத்திருக்கும் வாங்கில் அயல்வீட்டாரையோ கணவரோடு தொழிலுக்குப் போகிறவரின் மனைவியையோ காணக்கூடும். கூடவே மாமியாரும் வந்திருப்பார். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் காட்டியதுபோல, போர் தனிமனிதரோடு குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே சிதைத்தது; ஆகவே உறவினரை வெளியே நிறுத்துவதே சரியென்று நான் கருதவில்லை. சற்று நேரம் எல்லோரோடும், பிறகு அவரோடு தனியாகவும் பேசலாம். என்ன எழுதப்படுகிறது, அதை யார் பார்ப்பார், உயிராபத்தோ சிறுவர் துன்புறுத்தலோ தெரியவந்தால் யாருக்கு அறிவிக்க நேரும் என்பவற்றை அவர் வாய் திறக்குமுன்பே விளக்கிவிட வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் இன்னும் கவனம் வேண்டும். 2018இல் மன்னார் சதொச விற்பனை நிலைய வளாக அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 2019இல் வந்த கரிமக் காலக்கணிப்பு 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையான காலத்தைச் சுட்டியது. தம் பிள்ளை அங்கே இருப்பானோ என்று அஞ்சிய தாய்க்கு அந்த அறிக்கை எந்த முடிவையும் தரவில்லை. ஆய்வாளர் பவுலின் பாஸ் "தெளிவற்ற இழப்பு" என்று விளக்கிய நிலை இதுவே. மகன் இறந்துவிட்டதாக ஏற்றுக்கொள்ளச் சொல்வது இங்கே சிகிச்சையாகாது.

கொட்டித் தீர்த்தால் ஆறும் என்பார் உண்டு. காலம் கனிந்தபின் அது உண்மையாகலாம். ஆனால் நெருக்கடியில் இருப்பவரை நடந்ததைச் சொல்லுமாறு நெருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு உளவியல் முதலுதவிக் கைநூல் கூறுகிறது. அந்த எச்சரிக்கை முதல் அமர்வுக்கும் பொருந்தும். அன்றிரவு மனம் இன்னும் கனக்கலாம், ஒரே நாளில் மாற்றம் வராது, மருந்து தேவையா என்பதை வைத்தியரே தீர்மானிப்பார் என்றெல்லாம் அன்றே சொல்லி அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் கதவு மூடிய ஓர் அறை வேண்டும். பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தருக்கு மற்றவர் மேசைக்கருகே ஒரு நாற்காலி மட்டும் கொடுத்துவிட்டு, மக்கள் பேச வருவதில்லை என்று குறைப்படுவது நியாயமன்று.