தெருவும் வேலியும்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீதிப் பாதுகாப்பு பற்றிய சமூக வரலாற்று நோக்கு

வீதிப் பாதுகாப்பு என்றதும் வாகன வேகமும் சமிக்ஞை விளக்கும் தலைக்கவசமுமே நினைவுக்கு வருகின்றன. உள்ளூராட்சி மன்றங்களின் சிந்தனையும் பெரும்பாலும் இவ்வட்டத்துள் அமைவதே. ஆயின் வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து, தெரு யாருடையது என்னும் வினாவே முதன்மை பெறுகின்றது. தெருவில் நடக்கும் உரிமை இல்லாதவனுக்குத் தெருவிற் பாதுகாப்பு எவ்வாறு கிட்டும்?

குடாநாட்டுக் கிராமம் வேலிகளால் வகுக்கப்பட்டது. இரு வேலிகளுக்கு இடையில் எஞ்சியதே ஒழுங்கை. எனவே தெருவின் அகலத்தை நிலவுடைமையே தீர்மானித்தது எனலாம். யார் நடக்கலாம் என்பதைத் தீர்மானித்தது சாதி. துரும்பர் பகலில் நடமாடுதல் தடுக்கப்பட்டிருந்தது என்றும், இரவிலும் பனையோலையை இழுத்து ஒலியெழுப்பியே செல்லவேண்டியிருந்தது என்றும் ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். வாகனத்தின் ஊதுகுழலுக்கு முன்னரே இங்கு எச்சரிக்கை ஒலி ஒன்று இருந்தது. அது நடப்பவனைக் காப்பதற்கன்று. அவனிடமிருந்து பிறரது ‘தூய்மை’யைக் காப்பதற்கே.

குடியேற்ற ஆட்சி தெருவைப் பொதுவுடைமையாக அறிவித்தது. ஆனால் அதன் சுமையைச் சமமாகப் பகிரவில்லை. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலின் செலுத்தவேண்டும் என விதித்தது. செல்வனுக்கு மூன்று சிலின் அற்பம்; கூலியாளுக்கோ அது ஆறு நாள் உழைப்பு. அவ்வாண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இவ்வரியும் காரணமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

1906இல் உள்ளூர்ச் சபையையும் 1921இல் நகர மாவட்டச் சபையையும் பெற்ற யாழ்ப்பாணம், 1949இல் மாநகர சபையாக உயர்ந்தது. தொடக்ககால உள்ளூராட்சியில் வாக்குரிமை சொத்தையும் வரியையும் சார்ந்திருந்தது. ஆண்டுதோறும் வேலி அடைக்கையில் கதியால் தெருப்பக்கம் சற்று நகர்வதை நாம் அனைவரும் அறிவோம். அவ்வேலியைப் பின்னகர்த்தும் அதிகாரம், வேலிக்குச் சொந்தக்காரர் தெரிந்தெடுத்த சபையிடமே இருந்தது. ஒழுங்கை அகலாமைக்குக் காரணம் பொறியியல் அறிவின் குறைபாடன்று. வர்க்க நலனின் முரண்பாடே.

மாற்றம் சபை மண்டபத்திற் பிறக்கவில்லை. பேருந்தின் இருக்கையில் அமர்வதற்கும் ஒடுக்கப்பட்டோருக்குத் தடையிருந்த சூழலில், 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டில் உறங்கிய நிலையில், 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் முற்றவெளி நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. பொலிசார் தாக்கியும் அது நிற்கவில்லை. தெருவின் உரிமை தெருவிலேயே கோரப்பட்டது.

போர்க்காலத்தில் முரண்பாடு வேறு வடிவம் கொண்டது. எரிபொருட் தடையினால் துவிச்சக்கர வண்டியே குடாநாட்டின் முதன்மை வாகனமாயிற்று. 1990இல் புகையிரதச் சேவையும் நின்றது. 2014 ஒக்ரோபரில் அது யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியபோது, புகையிரதத்தைக் காணாது வளர்ந்த ஒரு தலைமுறை பாதையோரத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது. பாதுகாப்பற்ற கடவைகளில் உயிர்கள் பலியாயின. பொலிஸ் திணைக்களத்தின் கீழ் அமர்த்தப்பட்ட கடவைக் காப்பாளருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த கொடுப்பனவு 250 ரூபா. நிரந்தர நியமனம் வேண்டி அவர்கள் பலமுறை போராடினர். பயணியின் உயிரைக் காப்பவனது உழைப்புக்கு இச்சமூகம் இட்ட விலை அதுவே.

போருக்குப் பின்னர் பெருவீதிகள் அகன்றன, வேகமும் கூடியது. ஆனால் நடப்போரும் துவிச்சக்கர வண்டியில் செல்லும் மாணவரும் தொழிலாளரும் அவ்வகலத்தின் விளிம்புக்கே தள்ளப்பட்டனர். ‘ஏ’, ‘பி’ தர வீதிகள் மத்திய வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், ‘சி’, ‘டி’ தர வீதிகள் மாகாண நிருவாகத்துக்கும் உரியன. யாழ் மாவட்டத்தின் 17 உள்ளூராட்சி மன்றங்களுக்கு எஞ்சுவன சிறு வீதிகளும் ஒழுங்கைகளுமே. இதனைக் காட்டி மன்றங்கள் பொறுப்பைத் தட்டிக்கழித்தல் எளிது. எனினும் சாதாரண மக்களின் அன்றாட நடமாட்டம் அவ்வொழுங்கைகளிலேயே தொடங்குகின்றது. அங்கு விளக்கேற்றுதல், வடிகாலை மூடுதல், தெருவை விழுங்கிய வேலியைப் பின்னகர்த்துதல் ஆகியன மன்றங்களின் கைக்கு எட்டியவையே.

இவற்றுள் முதலிரண்டுக்கும் பணம் வேண்டும். மூன்றாவதற்கு அரசியற் துணிவு வேண்டும். எந்தச் சபை தன் வாக்காளரது வேலியில் கைவைக்கத் துணிகின்றதோ, அச்சபையே தெருவை அனைவருக்கும் உரியதாக்கும். பனையோலையை இழுத்து நடந்தவனின் சந்ததி அச்சமின்றி நடக்கும் தெருவே பாதுகாப்பான தெரு என்பது எமது துணிபு.