நிலைத்த கட்டளையும் மீளும் கொள்கையும்: விண்டோஸ் அலுவலகக் கணினி நிருவாகம், 1996 – 2014

முன்னுரை

அலுவலகக் கணினியின் அமைப்புகளை மாற்றும் உரிமை பயன்படுத்துவோருக்கு உரியதா, நிறுவனத்துக்கு உரியதா என்னும் வினா, கணினிகள் வலையமைப்பில் இணைந்தபோது முனைப்புற்றது. இவ்வினாவுக்கு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் இயங்குதளம் அளித்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. இட்ட கட்டளையைத் திரும்பப் பெறும் வழி உருவானதே இவ்வரலாற்றின் திருப்புமுனை என்பது இதன் கருதுகோள்.

பதிவகத்தில் தங்கிய கட்டளை

1996இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 4.0 பதிப்பில் ‘சிஸ்டம் பாலிசி’ என்னும் முறை இடம்பெற்றது. நிருவாகி உருவாக்கிய கொள்கைக் கோப்பு டொமைன் கன்ட்ரோலரில் வைக்கப்பட்டது. பயனர் உள்நுழையும்போது கணினி அதனைப் படித்து, ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவகத்தில் மதிப்புகளை எழுதியது. கோப்பை நீக்கிய பின்னரும் அம்மதிப்புகள் அங்கேயே தங்கின. இதனை நிருவாகிகள் ‘பச்சை குத்துதல்’ எனப் பொருள்படும் சொல்லால் குறித்தனர். ஒரு தடையை விலக்க, அதற்கு எதிரான கட்டளையை மீண்டும் இடவேண்டியிருந்தது.

குழுக் கொள்கையின் வருகை

2000 பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000, ஆக்டிவ் டைரக்டரியுடன் ‘குரூப் பாலிசி’ எனப்படும் குழுக் கொள்கையை அறிமுகப்படுத்தியது. இதன் நிருவாக வார்ப்புருக்கள், பதிவகத்தில் கொள்கைகளுக்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளில் மதிப்புகளை எழுதின. கொள்கை ஒரு கணினிக்குப் பொருந்தாமற் போனால் அம்மதிப்புகளும் நீங்கின. உள்நுழைவுக்குக் காத்திராமல், இயல்பாக 90 நிமிடங்களுக்கு ஒருமுறை கொள்கை புதுப்பிக்கப்பட்டது. எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் வழங்கியை நாடாதிருக்க, 30 நிமிடங்கள் வரையிலான தற்போக்கு இடைவெளியும் சேர்க்கப்பட்டது.

தனிக்கணினி, தளம், டொமைன், நிறுவன அலகு என்னும் வரிசையில் கொள்கைகள் செயற்படுத்தப்பட்டன. முரண் நேர்ந்தால் பின்னது வென்றது. பொதுவிதியைச் சிறப்புவிதி விலக்கும் இலக்கண முறையை இது ஒத்தது. எனினும், மேலடுக்கு ஒரு கொள்கையைக் கட்டாயமாக்கினால் கீழடுக்கால் அதனை விலக்க இயலாது. வட்டார உரிமையும் மைய அதிகாரமும் இவ்வாறு ஒரே அமைப்புக்குள் இடம்பெற்றன.

நாடு தழுவிய நெறிமுறை

2007 மார்ச்சில், அமெரிக்க மேலாண்மை, வரவுசெலவு அலுவலகம் விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்குப் பொதுவான பாதுகாப்பு அமைப்புகளை 2008 பிப்ரவரி 1க்குள் நடைமுறைப்படுத்துமாறு கூட்டாட்சி முகமைகளைப் பணித்தது. நிறுவன எல்லைக்குள் வழங்கிய கருத்து அரசாணையின் பொருளாயிற்று.

மையத்தின் பலவீனம்

விண்டோஸ் சர்வர் 2008இல் சேர்ந்த ‘பிரிஃபரன்சஸ்’ என்னும் விரிவாக்கம், கணினிகளின் உள்ளகக் கணக்குகளுக்குக் கடவுச்சொல் அமைக்கவும் இடமளித்தது. மறைகுறியாக்கப்பட்ட அக்கடவுச்சொற்கள் இருந்த சிஸ்வால் கோப்புறையை டொமைனின் பயனர் எவரும் படிக்கலாம். மறைவிலக்கும் திறவியோ மைக்ரோசாஃப்டின் பொது ஆவணத்திலேயே வெளியிடப்பட்டிருந்தது. 2014 மே மாதப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் புதிய கடவுச்சொற்களை இவ்வாறு சேமிப்பதைத் தடுத்தது. முன்பே சேமித்தவற்றை அது நீக்கவில்லை. அவற்றை நிருவாகிகளே தேடி அகற்ற வேண்டியிருந்தது.

முடிவுரை

1996இல் கட்டளையின் தடம் ஒவ்வொரு கணினியிலும் தங்கியது. 2014இல் அது மையக் கோப்புறையில் தங்கியது. கொள்கையைப் பரப்பும் பாதையே இடரையும் பரப்பியது. ஆகவே, ஒரு நிருவாக அமைப்பை மதிப்பிட, அது எத்தனை கணினிகளை ஆள்கிறது என்பதோடு, தவறான கட்டளையை எச்சமின்றி எவ்வளவு விரைவில் மீட்க இயலும் என்பதையும் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.