கடப்பா கல் அலமாரி

கடப்பா கல் அலமாரி என்பது சமையலறைச் சுவரில் கடப்பா கற்பலகைகளைப் பதித்து அமைக்கப்படும் கதவற்ற அடுக்கு ஆகும். சென்னையிலும் அதன் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இடங்களிலும் சிறு வீடுகளில் இதனைப் பரவலாகக் காணலாம். ஒட்டுப்பலகை அலமாரியைவிட இதற்குச் செலவு குறைவு. கரையான் அரிப்பதில்லை, நீரில் ஊறிப் பெருப்பதும் இல்லை. கதவு போடப் பணம் போதாமையின் அடையாளமாக இதனைக் கருதுவோர் உண்டு. மேலை நாடுகளில் இதே திறந்த அடுக்கு நாகரிக வடிவமைப்பாக விற்கப்படுவது வேறு கதை.

முன்வடிவங்கள்

சுவரில் விடப்பட்ட மாடம், கூரையிலிருந்து தொங்கும் உறி, தலைக்கு மேலுள்ள பரண், அடுக்குப் பானை ஆகியன தமிழர் அடுக்களைகளில் பொருள்களை வைக்கப் பயன்பட்டவை. இவற்றுள் பரண் இன்றும் கான்கிரீட்டு வடிவில் நீடிக்கின்றது. கல் அலமாரியை மாடத்தின் தொடர்ச்சி எனலாம்.

கல்

கடப்பா கல் கருமை அல்லது கருஞ்சாம்பல் நிறமுடைய சுண்ணக்கல் ஆகும். ஆந்திரப் பிரதேசத்தின் கடப்பா மாவட்டத்தில் எர்ரகுண்ட்லா வட்டாரத்திலும், நந்தியால் மாவட்டத்தில் பேதம்செர்லா வட்டாரத்திலும் வெட்டி எடுக்கப்படுகின்றது. படிவுப்பாறையாதலால் இக்கல் படலம் படலமாகத் தட்டையாகப் பிளவுறும். பலகை விலை குறைவாக இருப்பதற்கு இவ்வியல்பே முதற்காரணம். கருங்கல்லைப் பலகையாக்க இயந்திர அறுவை தேவைப்படுகின்றது. கடப்பா கல்லோ பெருமளவு தானாகவே பலகையாகப் பிரிந்து வருகின்றது. கடப்பாவிலிருந்து சென்னை ஏறத்தாழ 260 கி.மீ. தொலைவில் இருப்பதால் வண்டிக்கூலியும் மிகுதியாவதில்லை.

ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகை, சதுர அடிக்கு ஏறத்தாழ 6 கிலோ எடை இருக்கும். 4 அடி நீளமும் 1 அடி அகலமும் உடைய ஒரு தட்டின் எடை, 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றின் எடைக்கு நிகர். அலமாரி சுமக்கும் பாத்திரங்களோடு அதன் தன் எடையையும் சுவர் தாங்கியாக வேண்டும் என்பதை வீடு கட்டுவோர் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

புறநகர் வீடுகளில் பரவல்

1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்த பின்னர் இப்பகுதிகளில் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. உலக வங்கி உதவியுடன் 1977இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டம், முழு வீட்டுக்கு மாறாக மனையையும் அடிப்படை வசதிகளையும் வழங்கியது. முதற்கட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகியவை இடம்பெற்றன. அம்பத்தூரை அடுத்த முகப்பேர் பின்னர்ச் சேர்ந்தது. கையில் பணம் சேரச் சேரக் கட்டிக்கொள்ளும் இத்தகைய வீடுகளுக்குக் கல் அலமாரி மிகவும் பொருந்தும். முதலில் தட்டுகளை மட்டும் பதித்துவிட்டு, கதவைப் பல ஆண்டுகள் கழித்தும் போட்டுக்கொள்ளலாம், போடாமலும் விடலாம். வாடகை வீடுகளில் குடியிருப்போர் ஆணி அடிக்கத் தயங்கும் நிலையில், சுவரோடு இருக்கும் தட்டு அவர்களுக்குப் பெரும் உதவியாகும்.

அமைக்கும் முறை

சுவர்ப் பூச்சுக்கு முன்னரே கல்லைப் பதிப்பது சிறந்தது. 9 அங்குலச் செங்கற்சுவரில் 2 முதல் 3 அங்குல ஆழத்துக்குக் காடி வெட்டி, அதனை நனைத்து, சிமெண்டுக் கலவை இட்டுப் பலகையைச் செருகுவர். பலகையின் முன்விளிம்பைக் கலவை இறுகும்வரை முட்டுக் கொடுத்துத் தாங்க வேண்டும். ஒரு வாரம் நீராற்றிய பின்னரே பாத்திரங்களை ஏற்றலாம்.

உட்சுவர்கள் பெரும்பாலும் 4½ அங்குலமே இருக்கும். அவற்றில் ஆழமாகக் காடி வெட்டினால் மறுபுறப் பூச்சு விரிசல் காணும். ஆகவே தரையிலிருந்து செங்குத்தாகக் கற்பலகைகளை நிறுத்தி, அவற்றின் மேல் குறுக்குத் தட்டுகளை வைப்பர். எடை சுவருக்குப் போகாமல் தரைக்கு இறங்கிவிடும். நிறுத்துகற்களுக்கு இடையே 2 முதல் 3 அடி இடைவெளி இருப்பது நல்லது.

கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது கொத்தனார்கள் அதனைத் தட்டிப் பார்ப்பர். கணீர் என்ற ஒலி நல்ல கல்லைக் காட்டும். மந்தமான ஒலி உள்விரிசலின் அறிகுறி. குறுக்கே வெள்ளை நரம்பு ஓடும் பலகை அவ்விடத்தில் முறியக்கூடும். அதனை அலமாரியின் அடித்தளத்துக்கு ஒதுக்கலாம்.

சமையல் மேடைக்கு மேலுள்ள தட்டுகள் 9 அல்லது 10 அங்குல அகலத்தில் இருந்தால் போதும். அகலம் கூடினால் சமைப்பவரின் தலையில் இடிக்கும். அடுப்புக்கு நேர் மேலே தட்டு வைத்தால் தாளிப்புப் புகையின் பிசுக்கு எல்லாப் பாத்திரத்திலும் படியும்.

புதிய அடுக்குமாடிகளில் சுவர் முழுவதும் கான்கிரீட்டாக வார்க்கப்பட்டிருந்தால் காடி வெட்டலாகாது. அத்தகைய இடங்களில் எல் வடிவ இரும்புத் தாங்கிகள் மீது ஒட்டுப்பலகை வைப்பதும், துளையிட்ட இரும்புக் கோணச் சட்டங்களாலான தனி அடுக்கு நிறுத்துவதும் மலிவான மாற்றுகள்.

பராமரிப்பு

சுண்ணக்கல் அமிலத்துக்கு இணங்காது. புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, கழிவறை கழுவும் அமிலம் ஆகியன பட்ட இடம் மெருகு இழந்து வெளுத்துவிடும். தட்டுகளில் செய்தித்தாள் விரித்து, தொங்கும் விளிம்பைப் பல்பல்லாக வெட்டி அழகு செய்யும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. இவ்விரிப்பு கல்லையும் காத்தது. எண்ணெய் தடவித் துடைத்தால் கருமை கூடும். திறந்த அலமாரியின் பெருங்குறை தூசியும் கரப்பான் பூச்சியுமே. பொங்கலுக்கு முன் அனைத்தையும் இறக்கிக் கழுவுவதோடு நில்லாமல், அன்றாடம் புழங்கும் பாத்திரங்களையே திறந்த தட்டில் வைப்பது பயன் தரும்.

வெள்ளமும் அலமாரியும்

2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் நீர் புகுந்த 2023 டிசம்பர் மிக்சாங் புயலின்போதும் சென்னையில் ஏராளமான வீடுகளின் தரைத்தளம் நீரில் மூழ்கியது. மரத்துகள் பலகையாலான அலமாரி நீரில் நின்றால் உப்பி உதிர்ந்துவிடும். அதனைச் சீர்செய்ய இயலாது. கல் அலமாரியில் சேற்றைக் கழுவினால் போதும். கல் தட்டுகளை இடித்துவிட்டுத் துகள்பலகை அலமாரி பொருத்துவோர், தாழ்வான பகுதிகளில் அடித்தட்டுக் கல்லையேனும் விட்டுவைப்பது நன்று.