ரோஜேயின் பட்டியலும் பியோட்சியின் பாடமும்

வேலைக்கு விண்ணப்பம் எழுதிய மாணவர் ஒருவர், அதைத் திருத்தித் தரும்படி என்னிடம் கொண்டுவந்தார். தாம் பயின்ற கல்லூரியை 'நோட்டோரியஸ்' என்று அதில் புகழ்ந்திருந்தார். 'ஃபேமஸ்' என்பதற்கு இணைச்சொல்லாகப் பட்டியலொன்றில் கண்டெடுத்தாராம். கெட்ட பெயரால் அறியப்பட்டதையே அச்சொல் குறிக்கும் என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. பிழை அவருடையது மட்டுமா?

இத்தகைய பட்டியல்களின் மூதாதை, 1852-இல் லண்டனில் வெளியான 'தெசாரஸ்'. அதைத் தொகுத்த பீட்டர் மார்க் ரோஜே ஒரு மருத்துவர். தம் எழுத்துப் பணிக்குத் துணையாக 1805-இல் உருவாக்கிய சிறு சொற்றொகுப்பை, ராயல் சொசைட்டியின் செயலாளர் பொறுப்பிலிருந்து 1848-இல் விலகியபின் விரித்தெழுதி, தம் 73-ஆம் வயதில் வெளியிட்டார். அகரவரிசையை விடுத்து, 1000 கருத்துத் தலைப்புகளின்கீழ்ச் சொற்களை வகுத்தார். எதிரெதிர்க் கருத்துகளை அருகருகே பத்திகளில் நிறுத்தினார். நிகண்டு கற்றோர்க்குப் பொருள்வகையால் தொகுக்கும் முறை புதிதன்று. அமரகோசத்தை ரோஜேயே தம் முன்னுரையில் குறிப்பிடுகிறார்.

ஆனால் இணைச்சொற்களுக்கிடையேயுள்ள நுண்வேறுபாடுகளை ஆராய்வது தம் நோக்கமன்று என்பதையும் அவர் அங்கேயே தெளிவுபடுத்திவிட்டார். ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர், நாவின் நுனிவரை வந்தும் சிக்காத சொல்லைத் தேடிப் பிடிப்பதற்கான நூல் அது.

அதற்கு 58 ஆண்டுகள் முன்பே, 1794-இல், ஹெஸ்டர் லிஞ்ச் பியோட்சி 'பிரிட்டிஷ் சினானிமி' என்னும் நூலை இரு தொகுதிகளாக வெளியிட்டிருந்தார். சாமுவேல் ஜான்சனின் நட்பு வட்டத்தில் இருந்த இவர், பின்னர் இத்தாலியர் ஒருவரை மணந்தவர். ஆங்கிலத்தை வெளியிலிருந்து வந்து கற்போரை மனத்திற்கொண்டு, ஒத்த சொற்களை ஒன்றாக வைத்து, உரையாடலில் எது எங்கே பொருந்தும் என விளக்கினார்.

ஆங்கிலத்துக்கு இவ்விளக்கம் இன்றியமையாதது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்களும், கல்வியின் வழியே இலத்தீன் சொற்களும் பழஞ்சொற்களோடு வந்து குடியேறின. 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம். 'குவெஸ்சன்' பிரெஞ்சு வழி வந்தது. 'இன்டராகேட்' இலத்தீன் வேரினது. மூன்றும் கேட்பதைத்தான் குறிக்கின்றன. எனினும் நண்பரிடம் வழி கேட்பவர், அவரை 'இன்டராகேட்' செய்வதில்லை. அது காவல் நிலையத்துச் சொல்.

நாம் பியோட்சி மனத்திற்கொண்ட வாசகர்கள். நம் கையில் இருப்பதோ ரோஜே வழிவந்த பட்டியல். அதிலும் தேர்வுக் கையேடுகள், அவர் வகுத்த தலைப்புகளைக்கூட நீக்கிவிட்டுச் சொற்களை மட்டும் மனப்பாடத்துக்குத் தருகின்றன.

புதிய சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது, அது இயல்பாக வரும் இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தெழுதுமாறு அம்மாணவரிடம் சொன்னேன். விண்ணப்பத்தில் 'ஃபேமஸ்' என்றே திருத்தினார். அவர் சொல்ல வந்ததற்கு அந்த எளிய சொல்லே போதுமானதாக இருந்தது.