கதவில் அறைந்த எண்

சானிடரி இன்ஸ்பெக்டர் என்ற பெயர் நம் பேச்சில் கலந்து நெடுங்காலம் ஆகிறது. ஆங்கிலேயரின் நகராட்சிச் சட்டங்களோடு கப்பலேறி வந்த பதவி அது. அரசாணைகளும் விதிகளும் எங்கோ எழுதப்படுகின்றன. அவை நம் வாசலுக்கு வருவது இவர் உருவில்தான். சாக்கடையை எட்டிப் பார்ப்பார், குறிப்பேட்டில் ஏதோ எழுதுவார், அபராதம் என்பார். அந்தப் பதவி வளர்ந்த நாட்டின் ஒரு நகரத்தில் அவருக்கு வேறொரு வேலையும் இருந்தது. நள்ளிரவில் விளக்கோடு வந்து கதவைத் தட்டி, உறங்குபவர்களை எண்ணுவது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைத்தான் சொல்கிறோம்.

1801இல் கிளாஸ்கோவின் மக்கள்தொகை சுமார் 77 ஆயிரம். 1861இல் அது ஏறத்தாழ 4 லட்சம். பஞ்சாலைகளும் இரும்பு ஆலைகளும் கப்பல் பட்டறைகளும் அழைத்தன; மலைநாட்டிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். வீடுகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. ஹை ஸ்ட்ரீட், சால்ட்மார்க்கெட் பகுதிகளில் ஒரு காலத்தில் வசதி படைத்தவர்கள் வாழ்ந்துவிட்டுப் போன பழைய வீடுகளைத் தடுப்பு வைத்துக் கூறு போட்டு, ஒவ்வொரு கூறையும் ஒரு வீடு என்று வாடகைக்கு விட்டார்கள். நம் ஒண்டுக் குடித்தனத்தின் கல்கட்டட வடிவம் என்று கொள்ளலாம். தெருவிலிருந்து உள்ளே நுழையும் குறுகலான சந்துக்கு அங்கே 'க்ளோஸ்' என்று பெயர். சந்தின் இருபுறமும் பல மாடிகள். மாடிக்கு மாடி ஒற்றை அறைகள். டைபஸ் காய்ச்சல் இந்தச் சந்துகளில் திரும்பத் திரும்ப வந்தது. நெருக்கத்தால் கெட்டுப்போகும் காற்றே நோய்க்குக் காரணம் என்று அக்கால மருத்துவம் நம்பியது.

காற்றுதான் காரணம் என்றால் காற்றை அளந்து கொடுத்துவிடலாம் அல்லவா? 1862ஆம் ஆண்டின் கிளாஸ்கோ போலீஸ் சட்டம் அதைத்தான் செய்தது. மூன்று அறைகளுக்கு மிகாத, 2000 கன அடிக்கு உட்பட்ட வீடுகளை நகர நிர்வாகம் அளக்கலாம். அளந்தபின் வீட்டின் கன அளவும் அங்கே உறங்கத் தகுந்தோரின் எண்ணிக்கையும் பொறித்த தகரச் சீட்டு ஒன்று கதவில் அறையப்படும். வயது வந்தவருக்கு 300 கன அடி. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதில் பாதி. மக்கள் இவற்றைச் சீட்டு வீடுகள் என்றே அழைத்தனர். பின்னாளில் இவற்றின் எண்ணிக்கை 20 ஆயிரத்தைத் தாண்டியது. இதைவிடப் பெரிய வீட்டில் எத்தனை பேர் உறங்கினாலும் இந்தச் சட்டத்துக்குக் கவலையில்லை.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். பத்தடி நீளம், பத்தடி அகலம், எட்டடி உயரம் கொண்ட ஓர் அறை; 800 கன அடி. கணவன், மனைவி, ஒரு கைக்குழந்தை: இரண்டரைப் பேர், 750 கன அடி. பிழையில்லை. இரண்டாவது குழந்தை பிறந்தால் 900 கன அடி வேண்டும். அன்றைக்கே அந்தக் குடும்பம் சட்டத்தை மீறியதாகிறது. சரி, இரண்டாவது குழந்தையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் குழந்தைக்கு எட்டு வயது நிறைந்ததும் அது முழு ஆளாகிவிடுகிறது, மீண்டும் 900. பிறந்தநாளைக் கொண்டாடுவதா, மறைப்பதா என்று பெற்றோர் யோசித்திருக்க வேண்டும். 1890இல் வயது வந்தவருக்கான அளவு 400 கன அடியாக உயர்த்தப்பட்டது. அதன்பின் அதே அறை கணவனும் மனைவியும் மட்டுமே உறங்கத் தகுந்ததாகிவிட்டது.

நெருக்கம் தெரிவது இரவில்தான் என்பதால் ஆய்வும் இரவில்தான். நள்ளிரவை ஒட்டியும் விடியலுக்கு முன்னும் ஆய்வாளர்கள் மாடிப்படி ஏறினர். படியில் காலடி கேட்டதும் உள்ளே நடந்தவை அந்நகர வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்டவை: கூடுதல் ஆட்கள் கட்டிலுக்கடியில் நுழைந்தனர், அலமாரிக்குள் ஒடுங்கினர், சிலர் கூரைமேல் ஏறினர். ஸ்காட்லாந்தின் குளிர்காலத்தில் கூரைமேல் நிற்பது எப்படிப்பட்டது என்பதை நம் வெயில் தேசத்திலிருந்து ஊகிப்பது கடினம். அவர்களைக் கெட்ட காற்றிலிருந்து காப்பாற்றுவதற்காக வந்த சட்டம் அவர்களைக் கூரைக்கு அனுப்பியது.

இவ்வளவையும் படித்துவிட்டு ஆய்வாளரை வில்லனாக்கிவிடுவது எளிது. அவர் இடத்தில் நின்றும் பார்க்க வேண்டும். அவர் அறையில் கண்ட கூடுதல் ஆள் பெரும்பாலும் உள்வாடகைக்கு வந்தவர். அவர் தரும் சில்லறை இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு வாடகை கட்ட முடியாது. அந்த ஆளை வெளியேற்றினால் அடுத்த சந்தில், இன்னொரு சீட்டு வீட்டில், இன்னொரு கூடுதல் தலையாக அவரே அகப்படுவார். ஆய்வாளரிடம் அளவுகோல் இருந்தது, விளக்கு இருந்தது, நீதிமன்றத்துக்கு இழுக்கும் அதிகாரம் இருந்தது. வாடகையைத் தொடும் அதிகாரம் மட்டும் இல்லை. வீடு கட்டிக் கொடுக்கும் அதிகாரமும் இல்லை.

நகரம் மறுபக்கமும் முயன்றது. 1866இல் நகரச் சீரமைப்புச் சட்டம் வந்தது. மோசமான சந்துகளை விலைக்கு வாங்கி இடிக்க ஓர் அறக்கட்டளை அமைந்தது. இடிப்பதற்கு முன் அவற்றைப் படமெடுக்கும் பணி தாமஸ் அன்னானிடம் ஒப்படைக்கப்பட்டது. 1868 முதல் 1871 வரை அவர் எடுத்த படங்களை இன்றும் பார்க்கலாம்: ஈரக்கல் தரை, குறுக்கே கம்புகளில் தொங்கும் துணிகள், நீண்ட நேரம் ஒளிவாங்கியதால் ஆவிபோல் கலங்கித் தெரியும் குழந்தைகள். சந்துகள் இடிக்கப்பட்டன. அங்கிருந்தவர்கள் பக்கத்துச் சந்துகளுக்குப் போய் நெருக்கத்தைக் கூட்டினர். 1878இல் கிளாஸ்கோ நகர வங்கி திவாலானதும் நில வியாபாரம் படுத்தது. இடிக்க வாங்கிய கட்டடங்களை வைத்துக்கொண்டு அறக்கட்டளையே பழைய வீடுகளின் உரிமையாளராக நெடுநாள் இருக்க நேர்ந்தது.

இந்தக் கதையில் நாம் அவசியம் அறிய வேண்டிய மனிதர் ஜேம்ஸ் பர்ன் ரஸ்ஸல். 1872 முதல் 1898 வரை கிளாஸ்கோவின் சுகாதார அதிகாரி. இரவு ஆய்வின் அறிக்கைகள் வந்து சேர்ந்த துறையின் தலைவர். சட்டத்தை அமல்படுத்தியபடியே அதன் போதாமையை உரக்கச் சொன்னவர். 1888இல் ஓர் இலக்கியக் கழகத்தில், வசதியான பகுதியைச் சேர்ந்தவர்கள் முன்னால், 'ஓரறை வாழ்க்கை' என்ற தலைப்பில் அவர் உரை நிகழ்த்தினார். நகரத்தில் நான்கில் ஒருவர் ஒற்றை அறை வீட்டில் வாழ்கிறார் என்றார். ஐந்து வயது நிறையாமல் இறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு 32 பேர் ஓரறை வீடுகளில் இறப்பதையும், ஐந்தும் அதற்கு மேலும் அறைகள் கொண்ட வீடுகளில் அது இரண்டைக்கூட எட்டாததையும் எடுத்து வைத்தார். அதோடு நிற்கவில்லை. ஒரே அறையில் பிரசவம், ஒரே அறையில் சமையல், ஒரே அறையில் பிணம். அந்த அறையில் உங்களை வைத்துப் பாருங்கள் என்று கேட்டார். புள்ளிவிவரத்தில் தலைகளாக இருந்தவர்களை அவர் அந்த மாலையில் ஆட்களாக்கினார். இலக்கியக் கழகங்களில் நிகழ்த்தப்படும் உரைகளில் எத்தனை இப்படி இருக்கின்றன என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

காற்றுக் கணக்கின் அடிப்படையும் பின்னால் ஆட்டம் கண்டது. 1909இல் துனிஸ் நகரில் சார்ல் நிக்கோல், டைபஸைப் பரப்புவது உடம்புப் பேன் என்று கண்டறிந்தார். அதற்காக 1928இல் நோபல் பரிசு பெற்றார். 300 கன அடிக்கும் டைபஸுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனாலும் ஒரே போர்வைக்குள் ஐந்து பேர் நெருங்கிப் படுத்தால் பேன் பரவத்தான் செய்யும். தவறான காரணத்துக்காகச் சரியான இடத்தைத்தான் அந்தத் தகரச் சீட்டு சுட்டியது.

சீட்டு வீடுகள் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தன. ஆய்வாளரின் அளவுகோலுக்கு எட்டாத வாடகை, வேறொரு வழியாகச் சட்டத்துக்குள் வந்தது. 1915இல், உலகப் போரின் நடுவே, உரிமையாளர்கள் வாடகையை உயர்த்தினர். கிளாஸ்கோவின் கவன் பகுதியில் மேரி பார்பர் என்னும் இல்லத்தரசி முன்னின்று பெண்களைத் திரட்டினார்; உயர்த்திய வாடகையைத் தர மறுத்தனர். நவம்பருக்குள் சுமார் 20 ஆயிரம் குடும்பங்கள் மறுப்பில் சேர்ந்தன. அவ்வாண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போருக்கு முந்தைய அளவிலேயே வாடகையை நிறுத்தி வைக்கும் சட்டத்தை இயற்றியது. அந்த மாதங்களில், குடிகளை வெளியேற்ற நீதிமன்ற ஊழியர் சந்துக்குள் நுழைவதைக் கண்ட பெண் உடனே மணியை அடிப்பாள். மணியோசை கேட்டு மாடிகளில் எவரும் ஒளியவில்லை. கையில் மாவுப் பொட்டலங்களோடு எல்லாரும் படியிறங்கி வந்தார்கள்.