நாற்காலி மாறியிருந்தால்?

1865-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 14-ஆம் நாள் இரவு, வாஷிங்டன் நகரத்து நாடக அரங்கில் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டார். மறுநாள் காலை மறைந்தார். நான்காண்டு நடைபெற்ற உள்நாட்டுப் போர் ஓய்ந்து, ஏறத்தாழ 40 இலட்சம் கறுப்பின மக்கள் அடிமைத்தளை அறுபட்டு வெளியேறிக்கொண்டிருந்த வேளை அது. அன்றே குடியரசுத் தலைவரின் நாற்காலியில் வந்தமர்ந்தார், துணைத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன்.

விதி என்பர் வைதிகர். நாம் அப்படிச் சொல்லிக் கைகட்டி நிற்கலாகாது. அந்த நாற்காலிக்கு ஜான்சன் வந்தது எவ்வாறு? வேறொருவர் வந்திருக்க வழி இருந்ததா?

இருந்தது, தோழர்களே! லிங்கன் மறைவதற்கு ஆறு கிழமைகளுக்கு முன்வரை துணைத் தலைவராக இருந்தவர், மெய்ன் மாநிலத்தவரான ஹானிபல் ஹாம்லின். அடிமை முறையை எதிர்த்து, 1856-இல் தாம் வளர்ந்த கட்சியையே உதறியவர். அடிமைகளை விடுவியுங்கள், அவர்தம் கையில் படைக்கலம் கொடுங்கள் என்று லிங்கனிடம் வற்புறுத்தியவர். அவர் துணைத் தலைவராக நீடித்திருந்தால், அந்த ஏப்ரல் காலையில் தலைவராகியிருப்பார்.

நீடிக்கவில்லை, ஏன்? 1864-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பால்டிமோரில் கூடிய மாநாடு, கொள்கையை ஒருபுறம் வைத்துவிட்டுக் கணக்குப் போட்டது. போர் முடியவில்லை; தேர்தலில் வெற்றி உறுதியில்லை. மெய்ன் எப்படியும் நம் பக்கம். ஹாம்லினால் புதிய வாக்கு எது? தென்னாட்டவர், அதுவும் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கிடைத்தால் நலமன்றோ? முதற்சுற்றில் ஜான்சனுக்கு 200 வாக்கு, ஹாம்லினுக்கு 150. பின்னர் பெரும்பாலோர் வென்றவர் பக்கம் சாய்ந்தனர். விதி எழுதிய எழுத்தன்று அது. பேராளர்கள் அளித்த வாக்கு!

ஜான்சன் ஏழை வீட்டுப் பிள்ளை. பள்ளி வாயிலை மிதியாத தையற்காரர். பிரிந்து சென்ற மாநிலங்களின் செனட்டர்களுள், ஒன்றியத்தின் பக்கமே நின்றவர் அவர் ஒருவர்தான். பண்ணைப் பிரபுக்களைக் கடுமையாகச் சாடியவர். எளியவர் ஆள வந்தார், இனி எளியோர்க்கு வாழ்வு என்று எண்ணத் தோன்றும். ஆனால், அவரும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவரே. தமக்கு மேலிருப்பவனைக் கண்டு குமுறினார். தமக்குக் கீழே வைக்கப்பட்டவன் எழுந்து அருகில் அமர்வதைச் சகிக்கவில்லை. ஏணியின் மேற்படியை மட்டும் இடிக்க விரும்புவோர், ஏணியை ஒழிப்பவர் ஆகார்.

காங்கிரஸ் டிசம்பர் வரை கூடவில்லை. அந்த ஏழரைத் திங்களும் அவர் வைத்ததே ஆணை. மே 29-இல் கலகக்காரர்க்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார். பெருஞ்செல்வர் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்றார். நேற்றுவரை செருக்கோடு நின்ற பிரபுக்கள் வாயிற்படியில் காத்து நின்றனர், மன்னிப்புப் பெற்றனர், அதனோடு நிலத்தையும் திரும்பப் பெற்றனர்!

யாருடைய வசமிருந்த நிலம்? 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் பிறப்பித்த ஆணையின்படி, தென்கிழக்குக் கடலோரத்தில், குடும்பத்திற்கு 40 ஏக்கர் வரை என்று விடுதலை பெற்றோர்க்கு ஒதுக்கப்பட்ட நிலம். ஏறத்தாழ 40,000 பேர் அங்கே குடியேறி உழுது பயிரிட்டனர். அக்டோபரில், நலத்துறைத் தலைவர் ஹோவார்ட் எடிஸ்டோ தீவுக்குச் சென்று, தேவாலயத்தில் கூடியிருந்தோரிடம் நிலத்தை விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல நேர்ந்தது. அவர்கள் குமுறினர், விண்ணப்பம் எழுதினர். பரம்பரை பரம்பரையாக அந்த மண்ணில் வியர்வை சிந்தியவரின் குரல் தலைவரின் செவியில் ஏறவில்லை.

மிசிசிப்பி, வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பரை நாடோடி என்று தண்டித்து, தண்டம் கட்ட இயலாதவரின் உழைப்பை வாடகைக்கு விடச் சட்டம் செய்தது. 1866 பிப்ரவரியில் பிரெடரிக் டக்ளஸ் குழுவினர் நேரில் சென்று வாக்குரிமை கேட்டனர், ஜான்சன் மறுத்தார். குடியுரிமைச் சட்டத்தையும் ஏற்காது திருப்பி அனுப்பினார். காங்கிரஸ் மூன்றில் இரு பங்கு வாக்கால் அதை நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

ஹாம்லின் அமர்ந்திருந்தால்? அந்த மறுப்பாணைகள் எழுந்திருக்க மாட்டா என்று துணிந்து கூறலாம். பறிக்கப்பட்ட நிலத்தில் ஒரு பகுதியேனும் உழுதவரிடமே நின்றிருக்கலாம். ஆயினும், அவர் ஒருவரே எல்லாவற்றையும் மாற்றியிருப்பார் என்று நம்புவது, கடவுளை விட்டுத் தலைவனைக் கும்பிடுவதாகும். அதே 1865-இல் கனெக்டிகட், விஸ்கான்சின், மின்னசோட்டா ஆகிய வடமாநிலங்களின் வாக்காளரே கறுப்பினத்தார்க்கு வாக்குரிமை வேண்டாம் என்று வாக்களித்தனர். நோய் ஒரு நாற்காலியில் மட்டும் இல்லை.

வாயில் இன்னொரு முறையும் திறந்தது. 1868-இல் ஜான்சன்மீது பதவி நீக்க வழக்கு. செனட்டில் 35 பேர் குற்றவாளி என்றனர். 19 பேர் அல்ல என்றனர். ஒரே ஒரு வாக்குக் குறைந்தது. நீக்கப்பட்டிருந்தால் தலைவராகியிருப்பவர் பெஞ்சமின் வேட். கறுப்பினத்தார்க்கு மட்டுமன்றிப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்றவர். அந்தத் தீவிரம் கண்டே சிலர் அஞ்சினர்.

பின்னர் அரசியல் சட்டத்தில் உரிமை எழுதப்பட்டது. ஆனால் நிலம் தரப்படவில்லை. 1877-இல் காவலும் விலக்கப்பட்டது. வாக்குரிமையை மெய்ப்பிக்கும் சட்டம் 1965-இல்தான் வந்தது. அதுவும் அம்மக்கள் தெருவில் இறங்கிக் குருதி சிந்திய பிறகு.

1873-இல், சாதிக் கொடுமையைச் சாடிய தம் 'குலாம்கிரி' நூலை, அடிமை ஒழிப்பில் தன்னலமின்றி ஈடுபட்ட அமெரிக்க நன்மக்களுக்கே உரிமையாக்கினார் ஜோதிராவ் புலே. ஆகவே, அந்த வரலாறு நமக்கு அயலாருடைய கதையன்று. வாக்குக் கணக்குக்காக இரண்டாம் நாற்காலியில் யாரை அமர்த்துகிறோம் என்பதில் விழிப்பு வேண்டும். அதனினும் மேலாக, எவர் அமர்ந்தாலும் பறிக்க முடியாதபடி உரிமையைச் சட்டத்திலும், நிலத்திலும், திரண்ட மக்களின் வலிவிலும் ஊன்றிட வேண்டும். ஒருவருடைய நல்லெண்ணத்தில் தொங்கும் உரிமை, அவர் மறையும் நாளில் தானும் மறைந்துவிடும்.