சோடியம் மஞ்சள்

ஓலாஃபுர் எலியாசனின் 'ஒரே நிறத்துக்கான அறை'யில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சுவர்கள், கூரையில் வரிசையாக மஞ்சள் விளக்குகள், அவ்வளவுதான். ஆனால் உள்ளே நுழைந்தவர் பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்த்தால் கொஞ்சம் திடுக்கென்று இருக்கும். சிவப்புச் சட்டை கறுத்திருக்கும். நீலக் கால்சட்டையும் கிட்டத்தட்ட அதே கறுப்பு. உதட்டுச்சாயம் சாம்பல். பழைய கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி முகம். 1997-ல் எலியாசன் இதை முதலில் செய்தார். கோபன்ஹேகனில் பிறந்த ஐஸ்லாந்துக்காரர், அப்போது வயது முப்பது.

ஒளியை மட்டும் வைத்துக் கலை செய்வது அன்றைக்கே புதிதல்ல. அமெரிக்காவில் ஜேம்ஸ் டரல் 1960-களிலிருந்தே செய்துகொண்டிருந்தார். டரலின் அறைகளில் நிறம் பனிமூட்டம் போல நம்மைச் சூழ்ந்துகொள்ளும். தியானம், வானம் என்று மனசு எங்கேயோ போகும். எலியாசன் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. அவர் நிறத்தைச் சேர்க்கவில்லை, கழிக்கிறார். அந்தக் கழித்தலுக்கு அவர் எடுத்துக்கொண்ட கருவி கலைப்பொருளே அல்ல, நெடுஞ்சாலை விளக்கு.

அந்த விளக்கின் கதை சாப்பாட்டு உப்பிலிருந்து தொடங்குகிறது. அடுப்பில் ரசம் பொங்கி வழியும்போது நீலத் தீ சட்டென்று மஞ்சளாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது உப்பிலுள்ள சோடியம். சூடான சோடியம் அணு வெளிவிடும் ஒளியில் மிகப் பெரும்பகுதி 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியது. துல்லியமாகச் சொன்னால் 589.0, 589.6 என்று இரண்டு கோடுகள். இவ்வளவு நெருக்கமான இரண்டைக் கண்ணால் பிரிக்க முடியாது. 1814-ல் ஃபிரான்ஹோஃபர் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் விரித்துப் பார்த்தபோது வானவில்லின் நடுவே நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகள் தெரிந்தன. முக்கியமானவற்றுக்கு எழுத்துகளைப் பெயராக வைத்தார். மஞ்சளில் விழுந்த கோட்டுக்குப் பெயர் டி. ஹைடல்பெர்க்கில் 1859-ல்தான் கிர்ஹோஃப் அதற்கு விளக்கம் சொன்னார்: சூரியனின் வெளியடுக்கில் இருக்கும் சோடியம் ஆவி, அடுப்புத் தீயில் தான் உமிழும் அதே அலைநீளத்தை அங்கே விழுங்கிக்கொள்கிறது. சூரியன் எதனால் ஆனது என்று பூமியில் உட்கார்ந்துகொண்டே சொல்ல முடியும் என்பது அன்றுதான் உறுதியானது.

விளக்காவதற்கு இன்னும் எழுபது வருஷம் ஆனது. சூடான சோடியம் சாதாரணக் கண்ணாடியை அரித்துவிடும், அதைத் தாங்குகிற கண்ணாடி வேண்டியிருந்தது. 1932-ல் பிலிப்ஸ் நிறுவனம் நெதர்லாந்தில் ஒரு சாலையில் இந்த விளக்குகளை ஏற்றியது. போட்டவுடன் நியான் வாயுவால் சிவப்பாக மினுங்கும், சில நிமிஷம் சூடேறிய பிறகுதான் மஞ்சளுக்கு வரும். பிற்காலத்தில் வாட்டுக்கு 180 லூமென் வரை கொடுத்தது. குண்டு பல்பு கொடுப்பது சுமார் 15. சிக்கனத்தில் அடித்துக்கொள்ள ஆளில்லை. நிறம் காட்டுவதிலோ படு மோசம். பொருள்களின் நிறத்தை ஒரு விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு, சூரிய ஒளிக்கு 100. இதற்கு மைனஸ் 44. (நம்மூர்த் தெருக்களில் இருந்த மஞ்சள் விளக்குகள் பெரும்பாலும் உயர் அழுத்த சோடியம், தூரத்துச் சொந்தம். அதில் மற்ற நிறங்களும் கொஞ்சம் கலந்திருக்கும்.)

இந்தக் குறையைத்தான் எலியாசன் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். நம் கண்ணில் நிறத்துக்கு மூன்று வகைக் கூம்பு செல்கள். மூன்றும் தரும் எண்களை ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தை ஊகிக்கிறது. வருவது ஒரே அலைநீளம் என்றால் ஒப்பிட ஒன்றுமில்லை. மிஞ்சுவது வெளிச்சம், இருட்டு என்ற ஒரே கணக்கு. ஆனால் நிறம் போன இடத்தில் முகச் சுருக்கமும் துணியின் இழையும் முன்னுக்கு வருகின்றன. இதற்குப் பௌதிகக் காரணமும் உண்டு: கண்ணின் வில்லை வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு தூரத்தில் குவிக்கும், ஒரே நிறம் என்றால் அந்தக் கலங்கல் இல்லை. வெளியே வந்ததும் கொஞ்ச நேரம் உலகம் நீலம் பூசினாற்போல் இருக்கும்.

2003 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்னில், ஒரு காலத்தில் மின்நிலையத்தின் டர்பைன்கள் ஓடிய கூடத்தில், எலியாசன் 'வானிலைத் திட்டம்' வைத்தார். சுமார் இருநூறு ஒற்றை அலைநீள விளக்குகளை அரைவட்டமாக அடுக்கி, கூரை முழுக்கக் கண்ணாடி பதித்ததால் முழுச் சூரியன் கிடைத்தது. கூடவே மெல்லிய பனிப்புகை. அடுத்த மார்ச் வரை இருபது லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். தரையில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேலே எறும்பளவில் தெரிந்த தங்களுக்கே கையாட்டினார்கள். எல்லோரும் அதைச் சூரியன் என்றுதான் சொன்னார்கள். நிஜச் சூரியனின் ஒளியில் எந்த இடம் இருண்டு கிடக்கிறது என்று ஃபிரான்ஹோஃபர் குறித்துவைத்தாரோ, அந்த இடத்தின் ஒளியால் மட்டுமே ஆனது அந்தச் சூரியன். எலியாசன் இதை மனதில் வைத்துத்தான் செய்தாரா என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

படமாகப் பார்த்தால் போதாதா என்று கேட்டால், போதாது. என் பிழைப்பே திரைகளோடுதான், அதனால் சொல்கிறேன்: ஃபோன் திரையில் மஞ்சள் ஒளி கிடையாது. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் சேர்ந்து எரியும், மஞ்சள் என்று நாம் முடிவு கட்டுவோம். அந்தத் திரையை விளக்காகப் பிடித்து ஒரு சிவப்புச் சட்டையைப் பார்த்தால் சட்டை சிவப்பாகத்தான் தெரியும்.

இப்போது அந்த விளக்கே போய்க்கொண்டிருக்கிறது. தாழ் அழுத்த சோடியத்தை விரும்பியவர்களில் வானியலாளர்கள் முக்கியமானவர்கள். ஒற்றைக் கோடு என்பதால் தொலைநோக்கியில் வடிகட்டிவிடலாம். லிக் வானாய்வகத்துக்காகக் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரம் தன் தெருக்களில் இதைத்தான் போட்டது. எல்.ஈ.டி. வந்ததும் சாலைகள் இதைக் கைவிட்டன, சாலைகள் கைவிட்டதும் தொழிற்சாலைகளும் விட்டன. அருங்காட்சியகங்களுக்காக மட்டும் சோடியத்தையும் அந்தக் கண்ணாடியையும் வைத்து யார் தொழிற்சாலை நடத்துவார்கள்? மஞ்சள் எல்.ஈ.டி.யின் ஒளி ஒரு கோடு அல்ல, பதினைந்து இருபது நானோமீட்டர் அகலமுள்ள மேடு. வடிகட்டி போட்டு அதைக் குறுக்கலாம், வெளிச்சமும் கூடவே குறையும். குறுக்காமல் விட்டால், அறை மஞ்சளாகத்தான் இருக்கும், சிவப்புச் சட்டை மட்டும் லேசாக, மிக லேசாக, சிவக்கத் தொடங்கும்.